பரணில் இருக்கிறதா அந்த இலவச டி.வி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளின் பரணில் இன்னமும் ஒரு 14 அங்குல கலர் டி.வி தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. 2006-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு கொடுத்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டி.வி-க்களில் ஒன்று. வளைகுடாவிலிருந்து ஆசையாகப் பெட்டி கட்டிக் கொண்டுவந்த டி.வி-யும் பக்கத்திலேயே இருந்தால் ஆச்சர்யமில்லை!

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் பழைய இரும்புக்கடைக்காரர் வருவார். அவர் கணக்கு எளிது. பிக்சர் ட்யூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, சர்க்யூட் போர்டு, பிளாஸ்டிக் கூடு... இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. கண்ணாடிக்குக் கிடையாது. அது உடைந்து, எங்கேயாவது ஓரமாகப் போய்ச் சேரும்.

சிக்கலே அங்கேதான். ட்யூபின் பின்பக்கம் புனல்போல இருக்கும் கண்ணாடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. உள்ளே உருவாகும் எக்ஸ் கதிர்கள் வெளியே வராமல் தடுக்கச் சேர்த்தது. டி.வி ஓடியவரை நம்மைக் காத்த ஈயம், உடைந்தபின் மண்ணுக்குப் போகிறது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீடுகள் தனித்தனி விளைகளுக்குள் இருக்கின்றன. குப்பையைத் தென்னை மூட்டில் புதைப்பதும் எரிப்பதும் அங்கே சாதாரணம். அதே விளையில்தான் குடிநீர்க் கிணறும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செம்புக்காக பி.வி.சி வயரை எரித்தால் டையாக்சின் நச்சு வேறு.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்குத் தயாரிப்பு நிறுவனங்களே பொறுப்பு. காகிதத்தில் சரிதான். அந்த நிறுவனங்களின் வேன் திருவட்டாறு வரை வருமா? ரேஷன் கார்டைப் பார்த்து வீட்டுக்கு வீடு கொடுத்த அரசு, அதே கணக்கை வைத்துத் திரும்ப வாங்கினால் என்ன?

அதுவரை, டி.வி-யை உடைக்க விடாதீர்கள். புது டி.வி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் எவை என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நாகர்கோவில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். ட்யூப் லைட், சி.எஃப்.எல் பல்புகளை மட்டும் தனியாக வையுங்கள். அவற்றில் இருப்பது பாதரசம்.