சரக்கு கொடுப்பவர் நண்பரானா, கல்லா நிறையுமா?

ஒரே சோப்பு, ஒரே எம்.ஆர்.பி. ஆனா, ஒரு கடையில எப்பவும் ஸ்டாக் இருக்கும். பக்கத்துக் கடையில "நாளைக்கு வந்துடும்"னு சொல்வாங்க. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? கடைக்காரருக்கும் அவருக்குச் சரக்கு கொடுப்பவருக்கும் இருக்கும் உறவு அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

டயப்பர் சொல்லும் பாடம்

1980-களில் அமெரிக்காவின் வால்மார்ட்டும், டயப்பர், சோப்பு தயாரிக்கும் பி அண்ட் ஜி நிறுவனமும் முட்டிக்கொண்டே இருந்தன. 1987-ல் வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனும் பி அண்ட் ஜி-யின் லூ பிரிட்செட்டும் ஒரு படகுப் பயணத்தில் மனம்விட்டுப் பேசினார்கள். அதன்பின், வால்மார்ட் தலைமையகம் இருக்கும் அர்கன்சாஸ் மாகாணத்துக்கே தன் டீமை அனுப்பியது பி அண்ட் ஜி. எவ்வளவு டயப்பர் விற்றது என்ற கணக்கு நேரடியாக அவர்களுக்குப் போனது. ஸ்டாக் தீர்வதற்குள் அடுத்த லோடு கிளம்பிவிடும். குடோனில் பணம் முடங்கவில்லை, ஷெல்ஃபும் காலியாகவில்லை.

நம்ம ஊர் டி-மார்ட், சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுப்பதற்குப் பெயர் பெற்றது. கையில் பணம் வந்துவிட்டால் சப்ளையரும் விலையைக் குறைத்துக் கொடுப்பார். அந்தக் குறைவுதான் உங்க பில்லில் தெரிகிறது.

ரொம்ப நெருங்கினா?

பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் பல வருஷமா உள்நாட்டு சப்ளையர்களையே நம்பியிருந்தது. போட்டிக் கடைகளோ வெளிநாட்டில் மலிவாகத் துணி தைத்து வாங்கின. 1990-களின் கடைசியில் லாபம் சரிந்ததும், சுமார் 30 வருஷம் துணி கொடுத்த பேர்ட் நிறுவனத்தை 1999-ல் கழற்றிவிட்டது. பேர்ட் கோர்ட்டுக்குப் போனது. ஆனால், நீண்டகால ஒப்பந்தம் எதுவும் எழுத்தில் இல்லை. 2001-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. நட்பு இருந்தது, பேப்பர் இல்லை!

இன்ஸ்டாவில் கடை போட்டிருக்கீங்களா?

* எது விற்குது, எது தேங்குதுனு சப்ளையர்கிட்ட வாரம் ஒருமுறை சொல்லுங்க. தேவையில்லாத சரக்கு வராது.

* சொன்ன தேதியில் பணம் போடுங்க. தீபாவளி நெருக்கடியில் முதல் பார்சல் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம்.

* விலை, ரிட்டர்ன், கெடு எல்லாத்தையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வெச்சுக்கோங்க.

* முக்கியமான சரக்குக்கு இன்னொரு ஆளையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மார்க்கெட் விலையை அப்பப்போ விசாரிங்க.

விசாரிக்கிறதால உறவு கெட்டுப்போகாது. கணக்கு சரியா இருந்தாத்தான் நட்பும் நிலைக்கும்!