பாட்டு எப்பொழுது வரும்?

“உனக்குப் பாட்டு எப்பொழுது வரும்?” என்று சென்ற ஆண்டு வகுப்புத் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். ஈரோட்டுப் பேருந்து எப்பொழுது வரும் என்று கேட்பதுபோலவே கேட்டார். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு நான் கும்மிப் பாட்டுக் கட்டுவதை அறிந்தவர் அவர். “மனம் வந்தால் வரும்” என்று சொல்லி நழுவினேன். அது பொய். அப்பொழுது நான் ஒரு பாட்டுக்கூட எழுதாமல் பதினொரு மாதங்கள் கழிந்திருந்தன. அந்தக் கேள்விக்கு அன்று சொல்லாத விடையை இந்த மலரில் சொல்ல விரும்புகின்றேன். கவிதை எழுதும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உள்ளனர். அவர்களுக்கும் ஓரளவு பயன்படலாம்.

பாடலாசிரியன் என்றால் நிலவைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருப்பவன் என்று நாம் நினைத்துவிடுகின்றோம். இந்த நினைப்புக்குக் கவியரசர் கண்ணதாசனையே பலர் சான்று காட்டுவர். அவர் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் எழுதிக்கொள்வர். மெட்டைக் கேட்ட சிறிது நேரத்தில் பாட்டு முடிந்துவிடும் என்பர். உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர் கம்பனையும் சித்தர் பாடல்களையும் சங்கப் பாடல்களையும் எத்தனை ஆண்டுகள் நெஞ்சில் ஏற்றியிருந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. களஞ்சியத்தில் நெல் இருந்தது. அள்ளும்பொழுது கை விரைந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமோ 1930இல் பிறந்து 1959இல், 29ஆம் வயதிலேயே மறைந்தவர். வயல் வேலை, நாடக நடிப்பு எனப் பல தொழில்களைப் பார்த்துவிட்டுத்தான் திரைப்பாட்டுக்கு வந்தார். அவர் பாட்டில் உழைப்பவன் பேச்சு அப்படியே ஒலிக்கின்றது என்றால், அது திண்ணையில் சாய்ந்திருந்து பெற்ற பேச்சு அன்று.

இனி என் பதினொரு மாத மௌனத்தின் காரணத்தைச் சொல்கின்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோம்பிக்கு ஒரு பாட்டு எழுதினேன். கும்மி வாத்தியார் முன்கூட்டியே மெட்டைத் தத்தகாரமாகச் சொல்லியிருந்தார். ‘தானா தனந்தன’ என்று அது தொடங்கும். நான் காகிதத்தில் அழகு பார்த்து, ‘வரங்கொடு தாயே’ என்று முதலடியை எழுதிக் கொடுத்தேன். ஒத்திகை பார்க்க நேரமில்லை. நோம்பியன்று பெண்கள் வட்டமிட்டுப் பாடத் தொடங்கினர். மெட்டில் முதல் எழுத்து நீளவேண்டும். என் சொல்லோ குறிலில் தொடங்கியது. அவர்கள் என்ன செய்வார்கள்? நீட்டினார்கள். ‘வாரங் கொடுதாயே’ என்று ஊரே கேட்டது. எங்கள் பக்கம் நிலத்தை வாரத்துக்கு விடுவது வழக்கம். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “ஏங் கண்ணு, ஆத்தாகிட்டப் போயி வாரமா கேக்கறே? எத்தனை ஏக்கரு?” என்றார். கூட்டம் சிரித்தது. மறுநாள் தறிப்பட்டறையிலும் சிரித்தார்கள். நான் ஏட்டை மூடிவைத்தேன்.

வாத்தியார் அதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிடம்கூட இராது. “தாயே வரங்கொடுன்னு மாத்திப் போடு சாமி” என்றார். அதே இரண்டு சொற்கள்தாம், இடந்தான் மாறியது. ‘தாயே’ என்பது ‘தானா’வில் உட்கார்ந்தது. ‘வரங்கொடு’ என்பது ‘தனந்தன’வில் உட்கார்ந்தது.

யாப்பிலக்கண வகுப்பில் நேரசை, நிரையசை என்று நாம் படிப்பது தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணியிருந்தேன். அருணகிரிநாதரின் திருப்புகழ் முழுவதும் சந்தத்தின் மேல் நிற்கின்றது. வண்ணப் பாட்டுக்கு இலக்கணம் வகுத்த தண்டபாணி சுவாமிகள் தத்த, தந்த, தாத்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய எனச் சந்தங்களை எட்டாகப் பிரித்துக் காட்டினார். ‘பட்டு’ என்பது தத்த. ‘பந்து’ என்பது தந்த. ‘பாட்டு’ என்பது தாத்த. ‘பாம்பு’ என்பது தாந்த. ‘பசு’ என்பது தன. ‘காடு’ என்பது தான. ‘கண்ணு’ என்பது தன்ன. ‘வெள்ள’ என்பது தய்ய. ஒரு நாள் பொழுதுபோக்காக நம் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளை இப்படிப் படித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். மெட்டு எந்த இடத்தில் நீட்டுகின்றதோ அந்த இடத்தில் நெடில்; எந்த இடத்தில் தட்டுகின்றதோ அந்த இடத்தில் வல்லின ஒற்று. பாடுபவர் மூச்சு முட்டாது. கேட்பவர்க்குச் சொல் திரியாது.

இது தெரிந்துவிட்டால் பாட்டு வந்துவிடுமா? வராது. தெரிந்த பின்னும் நான் பல மாதம் எழுதவில்லை. காலையில் கல்லூரி, மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை விசைத்தறி, ஞாயிறன்று முழு நாளும் தறி. ‘இதில் எழுத நேரம் ஏது?’ என்பது என் சாக்கு. பட்டறையில் நாடா நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேல் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும் காது கேட்காது. இந்த இரைச்சலில் பாட்டா என்று நினைத்தேன். உண்மையில் அந்த இரைச்சலே எனக்கு வழி காட்டியது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஒருநாள் வாய்விட்டுத் தத்தகாரத்தைப் பாடினேன். தறியின் அடி தாளம் தப்பாமல் வந்தது. கை இழையைப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. வெட்கம் இல்லை. அடித்துத் திருத்தும் பேனா இல்லை. பொருந்தாத சொல் வாயிலிருந்து தானே விழுந்துவிடும். பொருந்திய சொல் மறுநாளும் நினைவில் நின்றது.

அன்றிலிருந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்பொழுது ஒரு மெட்டின் ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொள்வது. முழு மெட்டையும் எடுத்துச் சென்றால் சுமை. பேருந்தில், தறியில், தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கையில் அந்த ஓர் அடிக்குச் சொல் தேடுவது. இரவு படுக்கும் முன் கிடைத்ததை எழுதிவிடுவது. நன்றாக இல்லாவிட்டாலும் எழுதிவிடுவது. கைப்பேசியில் பதிவு செய்து வைக்கலாமே என்று தம்பி சொன்னான். செய்து பார்த்தேன். பட்டறையில் பதிந்தது தறிச் சத்தம் மட்டுமே. வீட்டில் பதிந்தவற்றை நான் திரும்பக் கேட்டதே இல்லை. பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதியது சட்டைப் பையில் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல் வேண்டும்.

ஒன்றும் அகப்படாத நாள்களும் உண்டு. அந்நாள்களில் பொருளற்ற சொற்களையே சந்தத்திற்குப் போட்டு அடியை நிரப்பிவிடுவேன். வாரக் கடைசியில் பார்த்தால் ஏழில் ஐந்து அடிகள் குப்பை. மற்ற இரண்டும் அந்த ஐந்து இல்லாமல் வந்திருக்கமாட்டா.

சொல்லுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. நான் முதலில் நூலகத்திற்குத்தான் போனேன். பூங்குழல், மதிமுகம், தேன்மொழி என்று ஏடு நிறைந்தது. நூலகத்திலேயே எனக்குப் பாரதியாரின் ‘குயில் பாட்டு’ம் கிடைத்தது. அதில் கவிஞர் தம் நெஞ்சைப் பறிகொடுத்த பாட்டுகளை வரிசைப்படுத்துகின்றார்: ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் பாட்டு, சுண்ணம் இடிப்பவர் பாட்டு என்று. இவை மூன்றும் வேலை செய்யும் கைகளின் பாட்டு. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் கழுகுமலை முருகனை நோக்கிக் காவடி தூக்கி நடக்கும் கால்களுக்கு ஏற்ற பாட்டுத்தானே! இவ்வளவு படித்த பின்னும் எனக்கு உறைக்கவில்லை. என் அத்தைதான் உறைக்க வைத்தார்.

அத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் ராட்டையில் தார் சுற்றுபவர். ஒரு மாலை என் புதுப் பாட்டைப் பாடிக் காட்டினேன். ‘மலர்க்கரம்’ என்ற சொல் வந்ததும் ராட்டையை நிறுத்திவிட்டார். “இது யாரு கையி கண்ணு?” என்றார். “நம்ம பொம்பளைங்க கைதான் அத்தே” என்றேன். தம் கையை விரித்துக் காட்டினார். நூல் ஓடி ஓடி ஆட்காட்டி விரலில் வாய்க்கால் விழுந்திருந்தது. “இதைப் பாடுனா நானும் பாடுவேன். மலருன்னா நாக்கு கூசுது” என்று சொல்லிவிட்டு மீண்டும் சுற்றத் தொடங்கினார்.

யார் வாய் பாடப்போகின்றது என்று தெரியாமல் எழுதும் பாட்டு எனக்கு இன்று பாதிப் பாட்டாகவே படுகின்றது. அதன்பின் அத்தையின் வாய்க்காக எழுதினேன். பாவு, ஊடை, தார், நாடா, முடி, முன்பணம் ஆகிய சொற்கள் என் ஏட்டுக்குள் வந்தன. இவற்றுக்குச் சந்தம் பார்க்கவே வேண்டியதில்லை. நாளெல்லாம் வாயில் புழங்கித் தேய்ந்து வழவழப்பான சொற்கள் அவை.

முன்பணம் என்பதை வெளியூர் நண்பர்களுக்கு விளக்கவேண்டும். தறி ஓட்ட வருபவர்க்குத் தறிக்காரர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போகக்கூடாது. தீருவதற்குள் கலியாணமோ காய்ச்சலோ வரும், மறுபடியும் வாங்கவேண்டியிருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. அக்காள் கலியாணமும் என் படிப்பும் அதில்தான் நடந்தன. ஆகையால் அதை நான் முழுதும் பழித்துப் பாட இயலாது. பாடாமல் இருக்கவும் இயலவில்லை. இந்த ஆண்டு நோம்பிப் பாட்டில் ஒரு சரணம் இப்படி எழுதினேன்:

நூலறுந் தாமுடி போட்டுக்கலாம்
நாடாவும் நின்னாக்காத் தட்டிக்கலாம்
வாங்கின முன்பணம் நூலா அத்தே?

நான்காம் அடிக்கு, ‘நாளை விடியும் நமக்கென்று’ என்று போட்டிருந்தேன். சந்தம் ஓரளவு நின்றது. ஆனால் மேடைப் பேச்சிலிருந்து கழன்று விழுந்த அடி அது என்று எனக்கே தெரியும். வேறு கிடைக்கவில்லை.

வாத்தியார் பாட்டு முழுவதையும் கேட்டார். சரணம் வந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. “நல்லாத்தான் இருக்குது சாமி. நோம்பிக்குப் பணம் குடுக்கறவங்க முன்னால உக்காந்திருப்பாங்க. ஆடற பொம்பளைங்க மறுநா அவங்க பட்டறைக்குத்தான் போகோணும்” என்றார். அவர் சொன்னதில் கோழைத்தனம் இல்லை. விளைவை நான் சுமக்கப்போவதில்லை, ஆடுபவர்கள் சுமக்கவேண்டும். அந்தச் சரணத்தை எடுத்துவிட்டேன். மற்றச் சரணங்களோடு கும்மி நன்றாகவே நடந்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

நோம்பி முடிந்து இருபது நாள் இருக்கும். பட்டறைக்குச் சோற்றுப் போசியோடு போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், எனக்குப் பழக்கமில்லாத ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் தார் சுற்றிக்கொண்டு பாடினார்கள். நான் எடுத்துவிட்ட சரணம் அது. ஒத்திகையில் கேட்டவர் யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும். மூன்று அடியும் என் அடி. நான்காம் அடி வரப்போகின்றதே என்று கூசிக்கொண்டு நின்றேன். அவர்கள் என் அடியைப் பாடவில்லை.

நம்மள நெய்யற பாவு கண்ணு

என்று பாடினார்கள். நான் ‘அத்தே’ என்று கேட்டதற்கு யாரோ ‘கண்ணு’ என்று விடை சொல்லிவிட்டிருந்தார்கள். அத்தையிடம் கேட்டேன், தான் கட்டவில்லை என்றார். வாத்தியாருக்கும் தெரியவில்லை. என் ஏட்டில் பழைய அடியை அடித்துவிட்டு இதை எழுதி வைத்திருக்கின்றேன். கட்டியவர் பெயருக்கு இடம் விட்டிருக்கின்றேன்.