இசைத்தட்டும் முள் தாங்கும் கையும்

பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. வெளி விளிம்பில் தெளிவாக ஒலிக்கும் பாட்டு, மையத்தை நெருங்க நெருங்கக் கரகரப்படைகிறது. 'ச', 'ஷ' போன்ற ஓசைகள் சீறுகின்றன. தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி அதனை ஒதுக்கிவிடுகின்றனர். தேய்வும் காரணமாக இருக்கலாம். ஆயினும் பல சமயங்களில் குற்றம் தட்டில் இல்லை. முள்ளைத் தாங்கும் கையைப் பொருத்திய விதத்தில் இருக்கிறது. அக்கருவியிலேயே தட்டை மீண்டும் மீண்டும் ஓடவிட்டால், இல்லாத தேய்வும் உண்டாகிவிடும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்த காலந்தொட்டு இந்நாட்டில் வெளிவந்த தட்டுகளுள் பலவற்றுக்கு மூல அச்சு இப்போது கிடைப்பதில்லை. எஞ்சியுள்ள தட்டையே மூலமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே இதன் வடிவியலை அறிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கன்று.

தட்டை வெட்டும் எந்திரத்தில் வெட்டுமுள் ஒரு நேரான தண்டின்மீது ஊர்ந்து, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஆரத்தின் வழியே செல்லுகிறது. கீழே தட்டு சுழல்வதால், வயலில் ஏர் சால் இடுவதுபோல் ஒரே சுருள் சால் உண்டாகிறது. ஒலியின் அலைகள் இச்சாலைப் பக்கவாட்டில், அதாவது ஆரத்தின் திசையில், நெளியச் செய்கின்றன. தட்டை ஒலிக்கச் செய்யும்போது, முள்ளின் தலை எங்கும் சாலின் தொடுகோட்டுத் திசையிலேயே நிற்பின் நெளிவு பிசகாமல் திரும்பக் கிடைக்கும். ஆனால் நாம் பயன்படுத்தும் கை, ஒரு முனையில் சுழலச்சில் பொருத்தப்பட்டது. முள்முனை செல்லும் பாதை ஒரு வட்டவில். நேர்கோட்டில் வெட்டியதை வில்லில் படிக்க முயல்வதே இடர்ப்பாட்டின் வேர்.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுழலச்சிலிருந்து முள்முனை வரை 230 மி.மீ. நீளமுள்ள நேரான கையை, அதன் முனை தட்டின் மையத்தையே தொடுமாறு பொருத்தியிருப்பதாகக் கொள்வோம். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒலி பதிந்த பகுதி ஏறத்தாழ 146 மி.மீ. ஆரத்தில் தொடங்கி 60 மி.மீ. ஆரத்தில் முடியலாம். தொடக்கத்தில் தலைக்கும் தொடுகோட்டுக்கும் உள்ள கோணப் பிழை பதினெட்டரைப் பாகை. இறுதியில் ஏழரைப் பாகை. பழைய கிராமபோனில் நூறு கிராமுக்கும் மேற்பட்ட பளு எஃகு ஊசியின்மீது தாங்கி நின்ற காலத்தில், இப்பிழை ஊசியின் தேய்ந்த ஓரத்தை உளிபோல் ஆக்கிச் சாலின் சுவரைச் செதுக்கிற்று.

இங்கிலாந்தில் பெர்சி வில்சன் 1924இல் இதற்குப் பரிகாரம் கூறினார். தலையை உட்புறமாகச் சிறிது கோணித்து வைத்து, முள்முனை மையத்தைக் கடந்து சிறிது நீண்டிருக்குமாறு செய்யவேண்டும் என்பதே அது. பின்னர் 1938இல் சுவீடனைச் சேர்ந்த லோஃப்கிரென் என்பவரும், 1941இல் பேர்வால்டு என்பவரும் ஒலித்திரிபு எங்கும் மிகாதபடி சிறந்த அளவுகளைக் கணித்தனர். மேற்கூறிய 230 மி.மீ. கைக்கு அவ்வளவுகள் இவை: கோணிப்பு 24 பாகை, மையத்தைக் கடந்த நீட்சி 18 மி.மீ.; அதாவது சுழலச்சுக்கும் தட்டின் மையத்துக்கும் இடையே 212 மி.மீ.

இது பயன் தருவது எவ்வாறு? சுழலச்சையும் முள்முனையையும் இணைக்கும் கோடு, சாலின் தொடுகோட்டுடன் ஆக்கும் கோணத்தை நோக்குக. ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறத்தாழ 7,980ஐக் கூட்டி, ஆரத்தின் 460 மடங்கால் வகுத்தால் வருவது அக்கோணத்தின் சைன். முக்கோணவியல் பயிலும் மாணவர் கொசைன் விதியிலிருந்து இதனைத் தாமே வருவிக்கலாம். ஆரம் குறையக் குறைய இக்கோணம் முதலில் குறைந்து, 89 மி.மீ. அளவில் மிகச் சிறியதாகி, மீண்டும் வளர்கிறது. தலையின் கோணிப்போ மாறாதது. ஆதலின் இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் இரண்டு: 66 மி.மீ., 121 மி.மீ. ஆரங்கள். அவ்விடங்களில் பிழை சூனியம். வெளி விளிம்பில் 1.9 பாகை, நடுவில் 1.1 பாகை, உள் விளிம்பில் 0.8 பாகை மட்டுமே பிழை எஞ்சுகிறது.

உள் விளிம்பில் மட்டும் பிழையை இவ்வளவு குறைவாக வைத்திருப்பானேன் என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில், 146 மி.மீ. ஆரத்தில் சால் வினாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, 60 மி.மீ. ஆரத்தில் 21 செ.மீ. மட்டுமே. பத்தாயிரம் அதிர்வெண்ணுடைய அலை ஒன்று வெளியே 0.051 மி.மீ. இடத்தில் பரவியிருக்க, உள்ளே 0.021 மி.மீ. இடத்தில் நெருக்குண்டு கிடக்கிறது. ஆகவே கோணப் பிழையை ஆரத்தால் வகுத்து வரும் ஈவே திரிபை அளக்கும். மேற்கூறிய மூன்று இடங்களிலும் அவ்வீவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் காண்க. திரிபு என்பது மூலத்தில் இல்லாத இரட்டிப்பு அதிர்வெண் ஒன்று கூடுதலாகத் தோன்றுவது. காந்தவகைப் பிக்கப்பில், உரத்த பகுதியில் (முள்ளின் உச்ச வேகம் வினாடிக்கு 10 செ.மீ.) கோணிப்பில்லாத நேர்க்கை 6 சதவீதத்துக்கு மேல் திரிபு தரும், செம்மையாகப் பொருத்திய கை முக்கால் சதவீதத்துக்கும் குறைவாகவே தரும்.

இச்செம்மை எளிதில் கெடக்கூடியது. பிக்கப்பின் திருகைத் தளர்த்தி அதனை 2 மி.மீ. பின்னுக்குத் தள்ளிவிட்டால், 85 மி.மீ. ஆரத்தருகே பிழை 2.4 பாகையாக உயர்ந்து, திரிபு இருமடங்குக்கும் மேலாகிறது. விலையுயர்ந்த முள்ளை வாங்கிக் கண்ணளவில் பொருத்துவதினும், சாதாரண முள்ளை அளவுகோல் வைத்துப் பொருத்துவது மேல் என்பது எம் கருத்து.

கோணிப்பு ஒரு புதிய தொல்லையையும் உடன் கொணர்கிறது. சால் முள்ளைத் தொடுகோட்டுத் திசையில் இழுக்கிறது. அவ்விழுப்பின் கோடு சுழலச்சின் வழியே செல்லாமல், அதிலிருந்து 93 மி.மீ. அளவு விலகிச் செல்வதால், கை மையத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. இத்தள்ளலை மையவிலக்கு விசையோடு தொடர்புபடுத்துவோர் உளர், அது பொருந்தாது. உராய்வும் கோணமுமே காரணம். முள்ளின் பளுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அமையும் இத்தள்ளலால் சாலின் உட்சுவர் மிகுதியாக அழுத்தப்படும். வெளிச்சுவரில் முள் பிடிப்பிழக்கும். 1958 முதல் விற்பனைக்கு வந்த ஸ்டீரியோ தட்டுகளில் உட்சுவர் இடப்பக்க ஒலியையும் வெளிச்சுவர் வலப்பக்க ஒலியையும் தாங்குவதால், வலப்பக்க ஒலியே முதலில் கரகரக்கும். சிறு வில்லாலோ தொங்கும் எடையாலோ கையை வெளிப்புறமாக இழுத்து இதனை ஈடு செய்வர். தட்டுக்கு இதம் என்று எண்ணி முள்ளின் பளுவை அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. சாலில் ஊன்றாத முள் துள்ளிச் சுவரைச் சிதைக்கிறது.

வகுப்பில் இதனைச் செய்து காட்டப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு தாளில் 212 மி.மீ. இடைவெளியில் இரு குண்டூசிகளைக் குத்துக. ஒன்றை மையமாகக் கொண்டு 60, 66, 89, 121, 146 மி.மீ. ஆரமுள்ள வட்டங்களை வரைக. மற்றதில் ஒரு கெட்டி அட்டைத் துண்டைச் செருகி, 230 மி.மீ. தொலைவில் அதன் முனையைக் குறித்து, அங்கே 24 பாகை உட்சாய்வாக ஒரு கோடு இடுக. அட்டையை வட்டத்துக்கு வட்டம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் முனையிலிருந்து மையத்துக்குள்ள கோட்டின்மேல் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால், இரண்டு வட்டங்களில் மட்டும் அச்சாய்கோடு செங்கோணமாக நிற்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அவ்விரு ஆரங்களைக் குறித்த அட்டையையே சுழல்தட்டின் மைய முளையில் மாட்டி, உண்மையான பிக்கப்பைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம்.