லாக் புக்கும் வாய்ஸ் மெசேஜும்

ஸ்ரீ சிட்டி வாட்ஸ்அப்பைவிட ஒரு வயது மூத்தது. சென்னைக்கு வடக்கே, தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் பக்கத்தில் 2008இல் இந்தத் தொழில் நகரம் தொடங்கியபோது அந்தச் செயலி பிறக்கவேயில்லை, 2009இல்தான் வந்தது. அன்று சத்தியவேடு சித்தூர் மாவட்டம், தடா நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் இரண்டும் திருப்பதி மாவட்டம். மெட்ரோ ரயில் பெட்டி, இசுசு வண்டி, கேட்பரி சாக்லெட், டைக்கின் ஏசி எல்லாம் இன்று இங்கே உருவாகின்றன. சரக்கு இருக்கட்டும், அதைச் செய்யும் வித்தை கைமாறும் விதம் மாறியதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அன்று அதற்கு ஒரே இடம் லாக் புக். லைன் ஓரத்து மேசையில், ஓரம் மடங்கி எண்ணெய்க் கறை ஏறிய நீள நோட்டு. ஷிப்ட் முடித்துப் போகிறவர் எந்த மெஷின் நின்றது, எத்தனை நிமிடம், என்ன செய்தோம் என்று எழுதிவைப்பார். "சென்சார் க்ளீன் செய்தது, ஓகே" என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். எந்த சென்சார், எதைக் கொண்டு துடைத்தார், துடைத்த பிறகு எவ்வளவு நேரம் விட்டார் என்பதெல்லாம் மூத்த டெக்னீஷியனின் தலைக்குள். டீ நேரத்தில் அண்ணனுக்கு மனசு இருந்தால் வெளியே வரும், இல்லாவிட்டால் இல்லை.

இந்த ஆந்திர-தமிழக எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சூலூர்ப்பேட்டை, தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசுவார்கள், படிப்பதோ ஒன்றில்தான். தெலுங்கில் எழுதினால் தமிழ்ப் பையன் திணறுவான், தமிழில் எழுதினால் தெலுங்குப் பெண். எனவே நோட்டில் இருவருக்கும் பொதுவாக அரைகுறை ஆங்கிலம். வாயால் பத்து நிமிடம் விளக்கக்கூடியவர் கையால் நாலு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று நள்ளிரவில் மெஷின் நின்றால், திரையில் தெரியும் அலாரம் எண்ணை யாரோ போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வீட்டில் படுத்திருப்பவர் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக நாற்பது நொடி பேசி அனுப்புகிறார். எழுத்து தேவையில்லை. எனக்குத் தெரிந்து, அந்த இருமொழிக்காரர்களின் வாய்க்கு ஏற்ற முதல் லாக் புக் இதுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் கேட்கலாம். யாருடைய மனசுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் குழுவுக்கு நிர்வாகத்தின் அனுமதி கிடையாது. பல ஆலைகளில் போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அல்லது கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருக முடியாது. காரணம் நியாயமானதே: சந்தைக்கு வராத மாடலும் வாடிக்கையாளரின் டிராயிங்கும் ஒரு படத்தில் வெளியே போய்விடும். அலாரத்தைப் படம் பிடித்தவர் பின்னணியில் எது விழுந்தது என்று பார்ப்பதில்லை. இதில் வேடிக்கை, தடையை அமல்படுத்த வேண்டிய சூப்பர்வைசரும் சில சமயம் அதே குழுவில் இருப்பார். லைன் ஓட வேண்டுமே.

இப்போது ஏஐ-யும் சேர்ந்துகொண்டது. அந்நிய மொழி மேனுவலின் பக்கத்தைப் போனில் காட்டினால் நொடியில் தமிழில் கிடைக்கிறது; அந்தப் பக்கம் யாருடைய சர்வருக்குப் போனது என்று கேட்பாரில்லை. 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் ரகசிய நிரலைச் சாட்ஜிபிடியில் இட்டுவிட, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. 2025 ஜனவரியில் நம் நிதி அமைச்சகமும் அலுவலகக் கருவிகளில் இவற்றைத் தவிர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது.

இழப்பும் சிறிதல்ல. லாக் புக் அலமாரியில் இருந்தது. போன வருடம் இதே கோளாறு எப்போது வந்தது என்று புரட்டிப் பார்க்கலாம். குரல் செய்தியைப் புரட்ட முடியாது. போன் மாறினாலோ, ஆள் அடுத்த கம்பெனிக்குப் போனாலோ, வித்தையும் கூடவே போகிறது. தணிக்கைக்கு வருபவர் பார்க்கும் கோப்பில் ஒரு முறை, குழுவில் உள்ளபடி வேறொரு முறை. ஷிப்ட் முடிந்து தூங்குகிறவரை எழுப்பிக் கேட்கிறோமே, அந்த நேரத்துக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்?

ஜெராக்ஸ் நிறுவனம் இதே முடிச்சை முன்பே சந்தித்தது. ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980களில் அதன் மெக்கானிக்குகளுடன் சுற்றிப் பார்த்தார். மேனுவலால் தீராத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேசைக் கதைகளால் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் கதையைத் தடுக்கவில்லை. 1990களில் 'யுரேகா' என்ற தொகுப்பை உருவாக்கி, மெக்கானிக் சொன்ன குறிப்பைச் சக மெக்கானிக்குகளைக் கொண்டே சரிபார்த்து, சொன்னவர் பெயரோடு எல்லோருக்கும் கொடுத்தது.

ஸ்ரீ சிட்டி நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். குரலில் பதியக்கூடிய, தமிழும் தெலுங்கும் ஏற்கிற, சொன்னவர் பெயர் நிற்கிற ஒரு கருவியைக் கம்பெனி செலவில் லைன் அருகே வையுங்கள். அதுவரை தடை கேட் வரைக்கும்தான் செல்லும்.