ஓரெழுத்துப் பிழையும் ஒரு நோயும்

'வாழை' என்று எழுதவேண்டிய இடத்தில் மாணவன் 'வாளை' என்று எழுதிவிட்டால் மரம் மீனாகிவிடும். ஆசிரியராகிய நாம் நாள்தோறும் காணும் பிழை இது. குருதியிலும் இத்தகைய ஓரெழுத்துப் பிழை உண்டு. அதன் விளைவே அரிவாளணு நோய்.

செவ்வணுக்களில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதற்குரிய மரபணுவில் ஓரெழுத்து மாறினால் புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. 1957இல் இன்கிராம் இதனை நிறுவினார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழை வந்தால், உயிர்வளியை இறக்கிய புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வட்ட அணுவை அரிவாள்போல் வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்க, நோயாளி வலியால் துடிப்பார்.

ஆயினும் பிறந்த குழந்தையைச் சில திங்கள்வரை இந்நோய் வருத்துவதில்லை. யாது காரணம்? கருவிலிருந்து கொண்டுவந்த வேறுவகை ஹீமோகுளோபின் அதனைக் காக்கிறது. 1948இல் ஜேனட் வாட்சன் கூறிய இக்கருத்து, புதிய மருத்துவத்திற்கு வித்தாயிற்று.

கருப்பருவ வகையைப் பின்னாளில் அடக்குவது மற்றொரு மரபணு. நோயாளியின் குருதி மூல அணுக்களை வெளியே எடுத்து, 'கிரிஸ்பர்' என்னும் மரபணுக் கத்தரியால் அத்தடையைத் தளர்த்துகின்றனர். கடும் மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜை அணுக்களை அகற்றியபின், அவற்றை மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். பிழை அப்படியே இருக்கிறது. மறந்த பழம்பாடம் நினைவுக்கு வருகிறது!

2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன. ஆய்வில் 31 பேரில் 29 பேர் ஓராண்டேனும் கடுவலித் தாக்குதலின்றி இருந்தனர்.

ஆனால் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலையோ 22 இலட்சம் டாலர்! இந்நோயுடன் பிறப்போரிற் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் பாடம் சென்று சேர்ந்தாலன்றிக் கற்பித்தல் நிறைவுறாது. மருத்துவத்திற்கும் இவ்விதி பொருந்துமன்றோ?