பியரி திருப்பி அனுப்பிய சாட்சி

1909 ஏப்ரல் 1ஆம் தேதி காலை. உறைந்து கிடக்கும் ஆர்க்டிக் கடலின் மேல் கேப்டன் பாப் பார்ட்லெட் தனியாக வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார். அன்றோடு அவருடைய பயணம் முடிகிறது; இங்கிருந்து திரும்பிப் போய்விடும்படி வட துருவத்தைத் தேடிப் போன அந்தக் குழுவின் தலைவர் ராபர்ட் பியரி சொல்லிவிட்டார். போவதற்கு முன் 88ஆவது அட்சரேகையையாவது தொட்டுவிட வேண்டும் என்று அந்த நியூஃபவுண்ட்லாந்து மாலுமிக்கு ஆசை. சில மைல் நடந்துவிட்டு முகாமுக்குத் திரும்பி, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து கணக்குப் போட்டார். முகாம் இருந்த இடம் 87 டிகிரி 47 நிமிடம் என்று வந்தது. நடந்த தூரத்தைக் கூட்டினாலும் 88 எட்டவில்லை. முந்தைய நாட்களில் அடித்த வடக்குக் காற்று, அவர்கள் நின்றிருந்த பனிப்பாளத்தையே தெற்கே தள்ளியிருந்தது.

அந்தப் பயணத்தில் பியரியைத் தவிர இன்னொருவர் அளந்து எழுதிவைத்த கடைசி அட்சரேகை அதுதான். அதற்கு வடக்கே எட்டிய இடங்களுக்கெல்லாம் பியரியின் அளவீடுகள் மட்டுமே ஆதாரம். துருவத்துக்கு இன்னும் 133 கடல் மைல் பாக்கி. ஏறத்தாழ 246 கிலோமீட்டர்.

பார்ட்லெட் போன பிறகு பியரியுடன் இருந்தவர்கள் ஐந்து பேர். இருபது ஆண்டுக்கும் மேலாக அவரோடு உழைத்த கறுப்பின அமெரிக்கர் மேத்யூ ஹென்சன். ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா என்ற நான்கு இனூயிட்கள். ஐந்தே கட்ட நடையில், ஏப்ரல் 6 அன்று துருவத்தின் அருகே வந்துவிட்டதாகப் பியரி அறிவித்தார். அவர் குறித்த அட்சரேகை 89 டிகிரி 57 நிமிடம். அங்கிருந்து சுற்றுவட்டாரத்தில் மேலும் நடந்து அளவெடுத்து, மனைவி தைத்துக் கொடுத்த கொடியை ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

துருவத்தில் நிற்கிறோம் என்பதை ஒருவர் எப்படி அறிவார்? அங்கே மலையில்லை, மண்ணில்லை. மிதக்கும் பனியும் வானமும்தான். இருக்கிற ஒரே அடையாளம் சூரியன். சரியாகத் துருவத்தில் நிற்பவருக்குச் சூரியன் நாள்தோறும் உதிப்பதும் இல்லை, உச்சிக்கு ஏறுவதும் இல்லை. அடிவானத்துக்கு மேலே ஒரே உயரத்தில் நாள் முழுக்க வட்டமடிக்கும். ஏப்ரல் 6 வாக்கில் அந்த உயரம் ஆறரை டிகிரி அளவுதான். கோடையை நோக்கிப் போகிற நாட்கள் என்பதால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு கலை வீதம் மெல்ல ஏறும். ஒரு கலை என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கணக்கில் ஒரு கலை பிசகினால் தரையில் ஒரு கடல் மைல் பிசகும்.

அதை அளக்கும் வேலை உடலை வருத்துவது. காற்றைத் தடுக்கப் பனிக்கட்டிகளால் சிறு சுவர் கட்ட வேண்டும். உறைபனி வீட்டுக்குள் சூடாக்கி எடுத்துவந்த பாதரசத்தை ஒரு தொட்டியில் ஊற்ற வேண்டும். மைனஸ் 39 டிகிரி குளிரில் பாதரசமே கெட்டியாகிவிடும். கரடுமுரடான பனியில் நம்பத்தக்க அடிவானம் கிடைக்காது. எனவே அசையாத அந்தப் பாதரசப் பரப்புதான் அடிவானத்துக்குப் பதில். பனியில் தோலை விரித்துக் குப்புறப் படுத்து, கண்கூசும் வெளிச்சத்தில், பாதரசத்தில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியின் கண்ணாடியில் ஒன்றோடொன்று தொடவைக்க வேண்டும். சூரியன் அவ்வளவு தாழ இருக்கும்போது, குளிர்ந்த காற்று ஒளியை வளைப்பதால் வரும் பிழை வேறு. இவ்வளவையும் பியரி செய்தார், பல தடவை செய்தார் என்றே அவர் பதிவுகள் சொல்கின்றன. அந்த எண்கள் உண்மையில் அங்கே எடுக்கப்பட்டவை என்றால் அவர் துருவத்துக்கு மிக அருகில் இருந்தார்.

ஆனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் துருவத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதைக் கடலோடிகளின் வானியல் பஞ்சாங்கத்தை வைத்து எந்த ஊரிலும் உட்கார்ந்து கணக்கிட்டுவிடலாம். பியரி அப்படிச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எண்களை மட்டும் பார்த்து அங்கே போனவரையும் போகாதவரையும் பிரித்தறிய முடியாது என்பதே என் வாதம். போனவரால் மட்டுமே கொண்டுவர முடிகிற தகவல் ஒன்று உண்டு: காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள விலகல். அந்தப் பகுதியில் அது எவ்வளவு என்று 1909இல் யாருக்கும் தெரியாது. ஊகித்து எழுதியிருந்தால் பிற்காலத்தில் மாட்டிக்கொள்வார். அளந்து எழுதியிருந்தால் இன்று அவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டென்னிஸ் ராலின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். பியரி அந்த அளவீட்டை எடுக்கவே இல்லை.

தீர்க்கரேகையையும் அவர் வழியில் அளக்கவில்லை. எல்லெஸ்மியர் தீவின் கேப் கொலம்பியாவிலிருந்து நேர் வடக்கே 413 கடல் மைல் போனதாகச் சொல்கிறார். பார்ட்லெட்டைத் தெற்கே தள்ளிய அதே பனி பக்கவாட்டிலும் நகரும். நண்பகல் அளவீடு எவ்வளவு வடக்கே வந்திருக்கிறோம் என்று சொல்லும். எவ்வளவு இடமோ வலமோ ஒதுங்கிவிட்டோம் என்று சொல்லாது. ஓடும் படகின் மேல்தளத்தில் நடப்பவர் தன் காலடிகளை மட்டும் எண்ணி ஊர் எங்கே என்று சொல்ல முடியாதல்லவா? அதற்கு மேல், முதல் 280 கடல் மைலைக் கடக்க ஒரு மாதம் பிடித்த குழு, பார்ட்லெட் போன பின் ஐந்து கட்டங்களில் 133 மைல் போனது. திரும்பும்போது அதே தூரத்தைச் சுமார் இரண்டரை நாளில் கடந்தது. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு நெருக்கம்! சுமை குறைந்தது, பனி சமமாக இருந்தது, நல்ல நாய்கள் மிஞ்சின, தடம் ஏற்கெனவே போட்டது என்று பியரி காரணம் சொன்னார். காரணங்கள் பொய்யில்லை, ஆனால் அந்த வேகம் கூடியதும், வேகத்தைக் குறித்துவைக்கத் தெரிந்த மற்றவர் கிளம்பியதும் ஒரே நாளில் என்பது உறுத்துகிறது.

பார்ட்லெட்டை ஏன் அழைத்துப் போகவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1911இல் கேட்டது. வாழ்நாள் முழுக்க உழைத்துப் பெறுகிற பெருமையை, சில ஆண்டுகளே இந்த வேலையில் இருந்த இளைஞர் ஒருவரோடு பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டதாகத் தான் நினைக்கவில்லை என்று பியரி மழுப்பாமல் பதில் சொன்னார். ஹென்சனோடு பகிர வேண்டியிருக்காது என்பது அந்தப் பதிலுக்குள் மறைந்திருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதரும் நான்கு இனூயிட்களும் சேர்ந்து சத்தியம் செய்தாலும் ஒரு வெள்ளைக்காரரின் கையெழுத்துக்கு ஈடாகாது. நாய் வண்டியை ஓட்டியவர், உடைந்த வண்டிகளைச் சரிசெய்தவர், இனூயிட் மொழி பேசியவர் ஹென்சன். உறைகுளிரில் எட்டுக் கால்விரல்களை இழந்த பியரி, நீண்ட தூரம் வண்டியில் ஏறியே வந்தார் என்று ஹென்சன் சொன்னார். துருவ முகாமிலிருந்து திரும்பும் வழியெல்லாம் தலைவர் தன்னிடம் சரியாகப் பேசவில்லை என்றும் சொன்னார். அவரை அன்றே உட்காரவைத்து, நாளுக்கு எத்தனை மணி நேரம் நடந்தோம், எங்கே வளைந்தோம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதியிருந்தால் இன்றைய சர்ச்சையில் பாதி இருக்காது என்றே நம்புகிறேன். இது அறிவியலுக்கு நேர்ந்த இழப்பு. இனவெறி செய்த இழப்பு.

பியரியை நம்பியவர்கள் எவ்வளவு லேசாக நம்பினார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. பயணத்துக்குப் பணம் கொடுத்திருந்த நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கமே மூவர் குழு அமைத்து அவர் ஆதாரங்களை ஏற்றது. அவர் கொண்டுவந்த கருவிகளை அந்தக் குழு வாஷிங்டன் ரயில் நிலையத்தில், பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்ததோடு சரி. போட்டியாளர் பிரெடெரிக் குக் வேறு, பியரியின் தந்தி வருவதற்கு ஐந்து நாள் முன்பு, தான் 1908இலேயே துருவத்தை எட்டியதாக அறிவித்திருந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் குக்கின் தாள்களில் ஆதாரம் இல்லை என்று தள்ளியதும், எதிராளி தோற்றதையே பியரியின் வெற்றியாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பியரியின் நாட்குறிப்பைக் கையில் வாங்கிப் பார்த்த நாடாளுமன்றக் குழு உறுப்பினர் ஒருவருக்கு மட்டும் அது மிகச் சுத்தமாக இருப்பதாகப் பட்டது. கொழுப்பும் இறைச்சியும் கலந்த பெமிக்கனைக் கையால் தின்று, வாரக்கணக்கில் கை கழுவாதவரின் நோட்டில் ஒரு கறை இல்லை.

அந்த நாட்குறிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் துருவப் பயணி வாலி ஹெர்பர்ட். இந்த வேலையை 1980களில் அவரிடம் ஒப்படைத்ததும் நேஷனல் ஜியோகிராஃபிக்தான். துருவம் கிடைத்துவிட்டது என்ற புகழ்பெற்ற வரிகள் தனித்தாளில் எழுதிச் செருகப்பட்டிருப்பதையும், ஏப்ரல் 7, 8 பக்கங்களில் துருவ முகாம் பற்றி எதுவும் இல்லாததையும் அவர் எடுத்துக்காட்டினார். பனியின் நகர்வைக் கணக்கிட்டு, பியரி துருவத்திலிருந்து 30 முதல் 60 மைல் விலகி நின்றிருக்கலாம் என்று 1988இல் எழுதினார். அவருக்கு அந்தச் சிரமம் நேரடியாகத் தெரியும். 1969இல் நாய் வண்டிகளோடு துருவத்தை எட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பிய பிறகு மறுபடி அளந்தபோது, சில மைல் தள்ளி நிற்பது தெரிந்து மீண்டும் தேடிப் போனவர் அவர். பியரி எட்டவில்லை என்றால் அந்தப் பெருமையில் பங்கு ஹெர்பர்ட்டுக்கு வரும் என்று எதிர்த்தரப்பு சொன்னதும் நியாயமான கேள்விதான். மறு ஆண்டே வேறொரு குழு, பியரியின் புகைப்படங்களில் விழுந்த நிழல்களை அளந்து, அவர் ஐந்து மைலுக்குள் வந்திருந்தார் என்றது. பழைய படங்களின் நிழல் அவ்வளவு துல்லியம் தராது என்று அதையும் மறுத்தார்கள். 2005இல் பிரிட்டிஷ் பயணி டாம் ஏவரி, பியரியுடையதைப் போன்ற மர நாய்வண்டிகளில் 37 நாளுக்குள் துருவத்தை அடைந்து காட்டினார்; பியரியின் மொத்த நாட்கள் சாத்தியமே என்பது அதில் தெரிந்தது. ஆனால் கடைசி ஐந்து கட்டங்களின் வேகத்தை அவராலும் எட்ட முடியவில்லை.

குக்–பியரி சண்டையை உன்னிப்பாகக் கவனித்தவர் நார்வே நாட்டுத் துருவப் பயணி ஆமுண்ட்சென். 1911 டிசம்பரில் தென் துருவத்தை நெருங்கியதும் அவர் தோழர்கள் மூவரை மூன்று திசையில் பல மைல் அனுப்பி, துருவம் எப்படியும் அந்த எல்லைக்குள் சிக்கும்படி செய்தார். ஒருநாள் முழுக்க மணிக்கு ஒருமுறை சூரியனை அளந்தார்கள்; ஒருவர் அளந்ததற்கு மற்றவர் கையெழுத்துப் போட்டார். அங்கே பனி நிலத்தின் மேல் நிற்பது. ஒரு மாதம் கழித்து வந்த பிரிட்டிஷ் போட்டியாளர் ஸ்காட், அவர்கள் விட்டுச்சென்ற கூடாரத்தைக் கண்டார். பியரிக்கு அந்த வசதி கிடையாது. அவர் நட்டது எதுவும் நட்ட இடத்தில் நிற்காது. அதனாலேயே அளக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் அவருக்கு மற்ற எவரையும்விட அதிகம் தேவைப்பட்டார்.

1926 மே 12 அன்று நோர்ஜ் வான்கப்பலில் ஆமுண்ட்செனும் உம்பர்ட்டோ நோபிலேயும் வட துருவத்தின் மேல் பறந்தார்கள். துருவத்தை அடைந்ததாக யாரும் மறுக்காத முதல் பயணம் அதுதான். பனிமேல் பயணித்து, சந்தேகத்துக்கு இடமின்றி அங்கே போய் நின்ற முதல் குழு 1968 ஏப்ரலில் ஸ்னோமொபைல்களில் போன ரால்ஃப் பிளேஸ்டெட்டுடையது. அவர்கள் நின்ற இடத்தை அளந்து உறுதிசெய்தது, தலைக்கு மேலே வந்த அமெரிக்க விமானப்படை விமானம்.