கழுதை ஏரும் சீயோன் குன்றும்

வென்ற அரணை அழித்துக் கழுதை ஏர் பூட்டி உழுதல் பண்டைத் தமிழ்ப் போர் மரபாகும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் அரண்களை இவ்வாறு பாழ்செய்தமையைப் புறநானூற்றின் 15ஆம் பாடல் புகழ்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை 'உழுது வித்திடுதல்' என்னும் துறையாக வகுத்துள்ளது.

எபிரேய மறையிலும் இதனையொத்த படிமம் உண்டு. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறைவாக்கினர் மீகா, சீயோன் குன்று உழுநிலமாகிவிடும் என்றும் எருசலேம் மண்மேடாகும் என்றும் அறிவித்தார் (மீகா 3:12). எனினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. புறப்பாடலில் பாழ்படுவது பகைவர் நாடு; அது வேந்தனின் வெற்றிக்குச் சான்று. மீகாவின் கூற்றில் பாழ்படவிருப்பது அவர்தம் சொந்த நாட்டின் தலைநகர். கையூட்டுப் பெற்று நீதி வழங்கிய தலைவர்களின் பொருட்டு இறைவன் அளிக்கும் தீர்ப்பு அது.

இத்தீர்ப்பு மாற்றவியலாத விதியன்று, எச்சரிக்கையே ஆகும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், எருசலேமின் அழிவை உரைத்த எரேமியாவுக்கு மரண தண்டனை கோரப்பட்டது. அப்போது மூப்பர் சிலர் மீகாவை நினைவூட்டினர்: எசேக்கியா மன்னன் அவரைக் கொல்லவில்லை, இறைவனுக்கு அஞ்சி மன்றாடினான், அழிவும் விலகியது (எரேமியா 26:17-19). எரேமியா அன்று உயிர் பிழைத்தார். எச்சரிக்கை ஏற்கப்படாமையால், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர் என்பது இறைவாக்கு மரபின் விளக்கம்.